தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகணும்னா நம்ம வீடுகள்ல முதல்ல வர்ற கேள்வி இதுதான். என்ன காணாம போச்சு, யார் மேல சந்தேகம் எல்லாம் அப்புறம்தான்.

2022ல அப்பாவோட எக்ஸெல் வண்டி திருடு போச்சு. மார்க்கெட் வாசல்ல நிறுத்திட்டு உள்ள போனவரு பத்து நிமிஷத்துல திரும்பி வந்தா வண்டி இல்ல. வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆச்சு, டியூ கூட முடியல. இன்சூரன்ஸ்ல கேட்டா எஃப்ஐஆர் காப்பி இல்லாம பேசவே முடியாதுன்னுட்டாங்க.

அப்பாவுக்கு அப்போ 63 வயசு. சலவை சட்டை மாத்திக்கிட்டு, ஆர்சி ஜெராக்ஸ், இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாத்தையும் மஞ்சப்பைல போட்டுக்கிட்டு வந்தவரு, ஸ்டேஷன் வாசல்ல செருப்ப கழட்டி ஓரமா விட்டுட்டு உள்ள போனாரு. யாரும் கழட்டச் சொல்லல. வேணாம்பான்னு சொல்ல எனக்கும் வாய் வரல.

ஸ்டேஷன்ல புகார எழுதுற ரைட்டர் நிமிந்தே பாக்கல. வண்டி திருட்டுன்னு சொன்னதும் "பூட்டுனியா? சாவி எங்க? நீயே வித்துட்டு வந்து இன்சூரன்ஸுக்கு கத விடுறியா?"ன்னாரு. முப்பது வருஷமா மளிகைக் கடை வச்சிருக்கிற மனுஷன், எங்க ஊர்ல சின்னவங்க யாரும் அவர நீ வா போன்னு பேசி நான் கேட்டதில்ல. அவரு "இல்லங்கய்யா, இல்லங்கய்யா"ன்னு நிக்கிறாரு. அப்புறம் ஒரு குயர் வெள்ள பேப்பர் வாங்கிட்டு வரச் சொன்னாங்க, வாங்கிக் கொடுத்தோம்.

மூணு நாள் நடந்தோம். அய்யா பந்தோபஸ்துக்குப் போயிருக்காரு, அய்யா கோர்ட்டுக்குப் போயிருக்காரு. கடைசில ஒரு சிஎஸ்ஆர் கொடுத்தாங்க, அது உங்க மனுவ வாங்கிக்கிட்டோம்னு ஒரு ரசீது, அவ்வளவுதான். பிடிவாரண்ட் இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னா எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு 2013லயே லலிதா குமாரி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, போட மாட்டேன்னா எஸ்பிக்கு தபால்ல அனுப்பலாம்னு சட்டத்துலயே இருக்கு. இதெல்லாம் நான் அப்பாகிட்ட எடுத்துச் சொன்னேன். அவரு கேட்டாரு, "அவங்கள பகச்சுக்கிட்டு இந்த ஊர்ல கடை வைக்க முடியுமாடா, சாத்தான்குளத்துல என்ன ஆச்சுன்னு பாத்தேல்ல?"

கடை வச்சிருக்கிறவங்களுக்கு சாத்தான்குளம் வெறும் நியூஸ் இல்ல. 2020 ஜூன் 19, லாக்டவுன் நேரத்துல கடைய கூடுதல் நேரம் திறந்து வச்சாங்கன்னு சொல்லி ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் புடிச்சாங்க, 22ம் தேதி ராத்திரி மகன் செத்தாரு, மறுநாள் காலைல அப்பா. ஸ்டேஷன் கேமரா பதிவு தினமும் தானா அழியிற மாதிரி செட் பண்ணி வச்சிருந்தாங்க. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டையே ஒரு கான்ஸ்டபிள் மரியாதையில்லாம பேசினாரு, மாஜிஸ்திரேட்டுக்கே அந்த கதின்னா மளிகைக் கடைக்காரருக்கு என்ன? ராத்திரி முழுக்க அடிச்சாங்கன்னு சாட்சி சொன்னது அதே ஸ்டேஷன்ல வேல பாத்த தலைமைக் காவலர் ரேவதி. பயந்து பயந்துதான் கையெழுத்துப் போட்டாங்க, அவங்களுக்கு பாதுகாப்பு கொடுக்கச் சொல்லி ஹைகோர்ட் மதுரைக் கிளை சொல்ல வேண்டியிருந்துச்சு. காக்கி போட்டவங்களே காக்கிக்கு பயப்படுற எடத்துல எங்க அப்பா செருப்ப கழட்டுனது எனக்கு இப்போ ஆச்சரியமா இல்ல. அதுக்கப்புறமாவது மாறும்னு நெனச்சேன், 2025 ஜூன்ல மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார நகை காணோம்னு ஒரு புகாருக்காக விசாரிக்கக் கூட்டிட்டுப் போய் அடிச்சே கொன்னாங்க.

போலீஸ்காரங்க கஷ்டமும் எனக்குத் தெரியும். வாரம் ஒரு நாள் லீவுன்னு 2021லதான் அரசாணையே வந்துச்சு, வெயில்ல மணிக்கணக்கா பந்தோபஸ்து நின்னுட்டு வர்றவங்க எரிஞ்சு விழுறது புரியுது. ஆனா எரிஞ்சு விழுறது எப்பவும் ஆள் பாத்துதான் நடக்குது, அத எப்படி ஒத்துக்கிறது?

ஏன்னா நாலாவது நாள் எங்க மாமா அவருக்குத் தெரிஞ்ச ஒரு ரிட்டயர்டு ஸ்பெஷல் எஸ்ஐய விட்டு ஒரு போன் போட வச்சாரு. அர மணி நேரம் கூட ஆகல. அதே ரைட்டர், அதே மேஜ, "உக்காருங்க பெரியவரே, முதல்லயே சொல்லிருக்கலாம்ல"ன்னு சேர் எடுத்துப் போட்டாரு, டீ வந்துச்சு, எஃப்ஐஆர் காப்பி கைக்கு வந்துச்சு. அப்பா சந்தோஷமா "நல்ல மனுஷங்கதான்"ன்னு சொன்னாரு. எனக்கு அந்த டீய குடிக்க முடியல.

வெளிய வராண்டா பெஞ்சுல ஒரு அக்கா. நாங்க போன முதல் நாள்ல இருந்தே அவங்களும் வந்துக்கிட்டு இருந்தாங்க, மடில ஒரு பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள மடிச்சு மடிச்சு நஞ்சு போன மனு. அப்பா செருப்ப மாட்டிக்கிட்டு இருக்கும்போது என் கையில இருந்த காப்பிய பாத்துட்டு மெதுவா கேட்டாங்க, "தம்பி, நீங்க யாரப் புடிச்சீங்க?"

சொன்னேன். அந்த நம்பர் கொஞ்சம் கிடைக்குமான்னு கேட்டாங்க. மாமாகிட்ட கேட்டுட்டு சொல்றேங்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன். கேக்கவே இல்ல.