காதில் விழுவது வேறு, காது கொடுப்பது வேறு

சத்தம் காதில் விழுந்தாலும் ‘கேட்டது’, கவனித்துக் கேட்டாலும் ‘கேட்டேன்’, கேள்வி எழுப்பினாலும் ‘கேட்டேன்’. தமிழில் மூன்றுக்கும் ஒரே சொல் போதும். ஆங்கிலத்துக்கு அது போதாது, நாம் தடுமாறும் இடமும் இதுதான்.

தானாகக் காதில் விழுந்தால் ‘ஹியர்’. நாமாகக் காது கொடுத்தால் ‘லிசன்’. போனில் எதிர்முனைக் குரல் வரவில்லையென்றால் ‘ஐ கான்ட் ஹியர் யூ’ என்பதே சரி. அங்கே ‘லிசன்’ வராது. ‘லிசன்’ போட்டால், யாரை, எதை என்று சொல்வதற்கு முன் ‘டு’ வேண்டும். ‘லிசன் டு மி’ சரி, ‘லிசன் மி’ தவறு. ‘ஹியர்’ அப்படி ‘டு’ கேட்காது.

போகிற போக்கில் பிறர் பேச்சு காதில் விழுந்தால் ‘ஓவர்ஹியர்’. ஒட்டுக்கேட்டால் ‘ஈவ்ஸ்ட்ராப்’. இரண்டாவதில் குற்றச்சாட்டு இருக்கிறது, மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

பெயரடைகளில் ‘ஆடிபிள்’ சத்தத்தைச் சேர்ந்தது: காதுக்கு எட்டுகிற. ‘ஆடிட்டரி’ கேட்கும் புலனைச் சேர்ந்தது, உதாரணமாக ஆடிட்டரி நெர்வ், அதாவது செவி நரம்பு. ‘ஆரல்’ என்றால் காது சார்ந்த, காதால் கேட்டறிகிற. இதோடு குழம்புவது ‘ஓரல்’, வாய் சார்ந்தது. பலருடைய உச்சரிப்பில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும், எழுத்தைப் பார்த்தால்தான் பிடிபடும். லத்தீனில் ‘ஆரிஸ்’ என்றால் காது. வாயைக் குறிக்கும் ‘ஓஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது ‘ஓரல்’. இசைத் தேர்வில் ஆரல் டெஸ்ட் என்றால் கேட்டுப் பதில் தர வேண்டும். வாய்மொழித் தேர்வு ஓரல் டெஸ்ட்.

இதைவிடக் கவலைப்பட வேண்டிய ஜோடி ‘ஓட்டிக்’, ‘ஆப்டிக்’. ஆங்கில எழுத்தில் ஒரு ‘பி’தான் வித்தியாசம், முன்னது காது, பின்னது கண். சொட்டு மருந்துப் புட்டியில் ‘ஓட்டிக்’ என்றிருந்தால் காதுக்கு, ‘ஆப்தால்மிக்’ என்றிருந்தால் கண்ணுக்கு. காதுக்கான மருந்தைக் கண்ணில் விட்டால் கடும் எரிச்சல் வரும், கண்ணுக்குக் காயமும் ஆகலாம். மருந்துச் சீட்டில் ‘ஏ.டி.’ வலது காது, ‘ஏ.எஸ்.’ இடது காது, ‘ஏ.யூ.’ இரு காதும். முதல் எழுத்து ‘ஓ’ ஆகிவிட்டால் மூன்றுமே கண்ணாகிவிடும். அவசரக் கையெழுத்தில் சின்ன ஏ, ஓ போலவே தெரியும். ‘ஓ.டி.’க்கு நாளுக்கு ஒருமுறை என்ற பொருளும் உண்டு. எந்தக் காது, எத்தனை சொட்டு, எத்தனை முறை என்று முழுச் சொற்களில் எழுதித் தரச் சொல்லி மருத்துவரிடமே கேட்டு வாங்குங்கள்.