நடுநிசி தர்பாரி, விடியற்காலை லலித்: காசியில் ஓர் இசை இரவு

இந்துஸ்தானி இசையில் ராகங்களுக்கு வேளை உண்டு. யமன் மாலைக்கு உரியது; பிஹாக் இரவின் முற்பாதிக்கு; தர்பாரி கானடாவும் மால்கௌன்ஸும் நடுநிசியை ஒட்டிய நேரத்துக்கு; லலித் பொழுது புலரும் முன்; பைரவ் கதிரவன் எழும் வேளையில். ஆனால் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்னும் 2000ஆம் ஆண்டு விதிகளும், அவற்றை வலியுறுத்திய 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தபின், விடிய விடியக் கச்சேரி நடக்கும் விழாக்கள் அருகிவிட்டன. உறங்குகிறவர்களின் உரிமையை யாரும் மறுக்க முடியாது. என்றாலும், பின்னிரவு ராகங்களை அவற்றின் நேரத்தில் நேரில் கேட்கும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கே குறைந்துபோனது பெரிய இழப்புதான். இன்றும் இரவு முழுவதும் இசை ஒலிக்கும் இடங்களில் ஒன்று கொல்கத்தாவின் டோவர் லேன் இசை மாநாடு. இன்னொன்று, காசியில் சங்கட் மோசன் அனுமன் கோயிலில் ஏப்ரல் மாதத்தை ஒட்டி நடக்கும் இசை விழா. பதிவுகளில் மட்டுமே கேட்டிருந்த லலித்தை அதன் வேளையில் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசையில்தான் கங்கா காவேரி விரைவு வண்டியில் ஏறினேன்.

துளசிதாசர் நிறுவியதாகச் சொல்லப்படும் அந்தக் கோயில், நகரின் தென்பகுதியில், காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கு அருகில் மரங்கள் அடர்ந்த வளாகத்தில் இருக்கிறது. 1923இல் தொடங்கிய விழா 2023இல் தன் நூறாவது நிகழ்வைக் கண்டது. அனுமதிச் சீட்டு கிடையாது. கலைஞர்களும் சன்மானத்துக்காக வருவதில்லை, அனுமனின் முன் பாடக் கிடைத்ததையே பேறாகக் கருதி வருகிறார்கள். கோயிலின் தலைவரான மகந்தாக நெடுங்காலம் இருந்து 2013இல் மறைந்த வீரபத்ர மிஸ்ரா, பல்கலைக்கழகத்தில் நீர்ப் பொறியியல் பேராசிரியராகவும் கங்கையைத் தூய்மைப்படுத்தும் இயக்கத்தின் முன்னோடியாகவும் விளங்கியவர். அவருக்குப் பின் பொறுப்பேற்ற மகன் விசுவம்பர் நாத் மிஸ்ராவும் பொறியியல் பேராசிரியர்தான்; மிருதங்கத்தைப் போன்ற பக்காவஜ் என்னும் தாளவாத்தியம் வாசிப்பவர். தொடக்கத்தில் பல பத்தாண்டுகள் பெண்கள் இங்கே மேடையேறவில்லை என்பது வருத்தத்துக்குரிய வரலாறு. அதே மேடையில் 2015இல் பாகிஸ்தானின் குலாம் அலி வந்து பாடினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முற்றத்துக்குள் நுழைந்தபோது, விரிப்பில் இடம் பிடிக்க நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரி மாணவர்களும், போர்வையும் தண்ணீர்ப் புட்டியுமாக வந்திருந்த முதியவர்களும், மடியில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டே தாளம் போடும் தாய்மார்களுமாக இருந்த அந்தக் கூட்டத்தில் ஒரு தூணோரம் எனக்கு இடம் கிடைத்தது. முதலில் கதக் ஆட்டம். பிறகு சிதாரில் பிஹாக். இரண்டும் நிறைவாகவே இருந்தன. நல்ல இடம் வந்தால் அங்கே கைதட்டல் அல்ல, "ஹர ஹர மஹாதேவ்" என்ற முழக்கமே எழுகிறது. அது எழுந்து அடங்கும் வரை கலைஞர் கைகூப்பிக் காத்திருந்து, பிறகே தொடர்கிறார்.

நள்ளிரவு தாண்டியபின்தான் தர்பாரி வந்தது. நம் கர்நாடக இசைக் கச்சேரிகளின் கடைசிப் பகுதியில் துக்கடாவாகக் கேட்டுப் பழகிய ராகம் அது. இங்கே பாடகர் கீழ்ச் சுரங்களின் பகுதியான மந்தர ஸ்தாயியை விட்டு மேலேறவே வெகுநேரம் எடுத்துக்கொண்டார். காந்தாரத்தை, அதாவது 'க' சுரத்தை, ஒரே இடத்தில் நிறுத்தாமல், கீழிருந்து மெதுவாக அசைத்து அசைத்து அவர் தொட்டபோது, இந்த ராகத்தின் உயிர் அந்த அசைவில்தான் இருக்கிறது என்பது விளங்கியது. மிக மெதுவாகச் செல்லும் விளம்பித ஏக்தாளத்தின் பன்னிரண்டு மாத்திரைகள் சுற்றி வர ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிறது. அந்த நீளத்துக்குள் எங்கெங்கோ அலைந்துவிட்டுச் சரியாகத் தாளத்தின் முதல் மாத்திரையான சமத்தில் வந்து இறங்கும்போதெல்லாம் எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் தம் முழங்காலில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். மாலை ஆறு மணிக் கச்சேரியில் இத்தனை நிதானத்தை யாரும் துணிந்து எடுத்துக்கொள்ள முடியாது என்றே நினைக்கிறேன். அடுத்த கச்சேரிக்கு அரங்கம் தேவைப்படாத, கடைசிப் பேருந்தைப் பற்றிக் கேட்பவர் கவலைப்படாத நேரம் அது.

அடுத்து வந்த பாடகி அரைச் செவ்வியல் பாடல் வகையான தும்ரி ஒன்றைப் பாடி, சைத்ர மாதத்துக்கே உரிய சைதி பாடல்களைப் பாடினார். அடிதோறும் வரும் ராம நாமத்தைக் கூட்டமே சேர்ந்து பாடியது.

லலித்துக்கான ஆயத்தமே எனக்கு ஒரு பாடமாக அமைந்தது. லலித்தில் பஞ்சமம், அதாவது 'ப' சுரம், கிடையாது. 'ம' சுரத்தின் இரு வகைகளான இரண்டு மத்திமங்களும் அடுத்தடுத்து வரும். ஆகவே பின்னால் அமர்ந்திருந்த சீடர் தம்புராவின் முதல் தந்தியைப் பஞ்சமத்திலிருந்து மத்திமத்துக்கு இறக்கினார். தந்தியை முறுக்கும் பிருடையைத் திருப்பியபின், தந்திகளைத் தாங்கும் கட்டையான குதிரையின் மேல் தந்திக்கு அடியில் இருந்த நூலை விரல்நுனியால் இம்மியளவு முன்னும் பின்னும் நகர்த்தி, காதை வைத்துக் கேட்டு, மீண்டும் நகர்த்தினார். மந்தமாக இருந்த தந்தி ஓர் இடத்தில் சட்டென்று ரீங்கரித்தது. பாடகர் திரும்பித் தலையசைத்தார். ஆலாபனை தொடங்கி, இரு மத்திமங்களும் உரசிக்கொண்டு வந்தபோது, இருள் பிரியாத அந்த வேளையில் மரங்களில் பறவைகள் கத்தத் தொடங்கியிருந்தன. ராகத்துக்கு நேரம் வகுத்தது வெறும் மரபா, இல்லை அதற்கு இசையிலேயே காரணம் உண்டா என்று நெடுநாளாக விவாதம் நடக்கிறது. பாதி விழிப்பும் பாதி அசதியுமாக உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு லலித் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை அனுபவித்தபின், காரணம் உண்டு என்ற கட்சியில் நான் சேர்ந்துவிட்டேன்.

வெளிச்சம் வந்தபின் பைரவில் ஒரு சிறு உருப்படியோடு அந்த இரவின் நிகழ்ச்சி முடிந்தது. நம் மாயாமாளவகௌளை ராகத்தின் சுரங்களே அதற்கும் என்பதால் அங்கே எனக்கு அந்நியமே தெரியவில்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்: ஏப்ரல் மாதக் காசியில் பகல் வெயில் கடுமை என்பதால் பகலில் உறங்கி, மாலையில் வயிற்றுக்கு இலகுவாக எதையாவது உண்டுவிட்டுக் கிளம்புங்கள். தரையில்தான் அமர வேண்டும். விழா சில இரவுகள் தொடர்ந்து நடக்கும். ஓர் இரவுதான் ஒதுக்க முடியும் என்றால், முன்னிரவுக் கச்சேரிகளைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, நள்ளிரவில் போய்ச் சேர்ந்து விடியும் வரை இருங்கள்.