ஹம் நகரில் காமாட்சி

ஜேர்மனியின் ஹம் நகரின் ஓரத்திலுள்ள ஊன்ட்ரொப் தொழிற்பேட்டையில், களஞ்சியக் கூரைகளுக்கு மேலே காமாட்சி அம்பாள் ஆலயத்தின் 17 மீற்றர் உயர இராசகோபுரம் தெரிந்ததுமே, எங்களுடன் வந்த முதியவர்கள் கைகூப்பிவிட்டார்கள். தேர்த் திருவிழா நாள் அது.

1983 யூலை வன்செயலுக்குப் பின் ஈழத்தைவிட்டுப் புறப்பட்டவர்களில் பலர் கிழக்கு பேர்லினில் விமானம் இறங்கி, ரயிலேறி மேற்கு பேர்லினுக்கு வந்து தஞ்சம் கேட்டவர்கள். தமக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தைத் தாண்டவே அனுமதி பெற வேண்டியிருந்த அவர்களுக்கு, தொலைவிலுள்ள கோயிலுக்குப் போய்வருவதும் இலேசான காரியமாக இருக்கவில்லை. 1989இல் சிவஸ்ரீ பாஸ்கரக் குருக்கள் ஹம்மில் ஒரு நிலவறையில் அம்பாளுக்குப் பூசை தொடங்கினார். 1993இல் அம்பாள் முதன்முதலாக வீதியுலா வந்தாள். அடியார் கூட்டம் பெருகப் பெருக, அயலவரின் முறைப்பாடுகளும் பெருகின. பின்னர் இத்தொழிற்பேட்டையில் எழுந்த ஆலயத்துக்கு 2002 யூலையில் குடமுழுக்கு நடந்தது. காஞ்சிக் காமாட்சியின் கோயிலை முன்மாதிரியாகக் கொண்ட இதற்கு வரைபடம் தந்தவர் ஒரு ஜேர்மானியக் கட்டடக் கலைஞர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

வடம் பிடித்ததும் தவிலும் நாதசுரமும் ஓங்கின. முதுகில் செடில் குத்திய காவடிக்காரர் முன்னே ஆட, தேரின் பின்னே ஆண்கள் வெறும் மேனியுடன், இளநீரும் தேங்காய்ச் சிதறலும் ஒட்டிய தார் வீதியில் அங்கப்பிரதட்டணம் செய்தார்கள். ஓரத்தில் நின்ற ஜேர்மானியக் குடும்பங்கள் அர்ச்சனைத் தட்டிலிருந்து நீட்டிய திருநீற்றைத் தயங்காமல் நெற்றியில் பூசிக்கொண்டன. இந்து சமயம் என்றால் பல்கலைக்கழகத்துச் சமஸ்கிருத நூல்களும் யோகப் பயிற்சியும் என்றே பெரும்பாலும் அறிந்திருந்த ஒரு நாட்டுக்கு, வியர்வையும் கற்பூரப் புகையுமாக அதை வீதிக்குக் கொண்டுவந்து காட்டியவர்கள் அறிஞர்களல்லர். உயிர் தப்பி வந்த ஏதிலிகள்.

சரக்குக் கப்பல்கள் ஓடும் டாட்டெல்ன்–ஹம் கால்வாயே அம்பாளின் தீர்த்தம். ஊரில் கேணியிலும் கடலிலும் தீர்த்தமாடியவர்கள் அதில் இறங்கி நீரைத் தலையில் தெளித்துக்கொள்வதைக் கண்டால், மண் மாறியும் விதி மாறாத வழிபாடு என்றே தோன்றும். ஆனால் மாற்றம் இல்லாமலில்லை. தேர் ஞாயிற்றுக்கிழமையில் ஓடுகிறது. நட்சத்திரம் பார்த்தல்லவா நாள் வைக்க வேண்டும் என்று எங்கள் பெரியவர் ஒருவர் குறைப்பட்டார். திங்கட்கிழமை காலையில் தொழிற்சாலையிலும் பாடசாலையிலும் நிற்க வேண்டிய பிள்ளைகள் வடம் பிடிக்க வேறு நாள் ஏது என்று அவருடைய மகளே பதில் சொன்னார். நான் மகளின் பக்கம்.