ஆவி மாஸ்ரற்ற கேத்தல்

எங்கட பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதும் எழுதித் தா எண்டு செயலாளர் மூண்டு மாசமாத் துரத்தினவர், நான் வேலை, ஸ்நோ எண்டு சாட்டுச் சொல்லிக்கொண்டே வந்தனான். போன கிழமை மகன் இஞ்ச கனடாவில ஸ்கூலுக்கு நீர் வட்டம் கீறிக்கொண்டு இருந்தான். கடல், சூரியன், முகில், பிறகு ஒரு பெரிய மலை, மலையில இருந்து ஆறு. ஸ்காபரோவில எங்கையடா மலை எண்டு என்னை அறியாமலே கேட்டுப்போட்டன். அது என்ர கேள்வி இல்லை, எங்கட ஆவி மாஸ்ரற்ற கேள்வி.

1984ல படிச்ச ஆக்களுக்கு ஆரெண்டு விளங்கும், பேர் போடேல்லை. எட்டாம் வகுப்புக்கு வந்த முதல் நாளே கரிபிடிச்ச கேத்தல் ஒண்டைத் தூக்கிக்கொண்டு வந்து மண்ணெண்ணெய் அடுப்பில வைச்சார். மூக்கால வெள்ளையா வரத் தொடங்க, நீராவி எங்கை, காட்டுங்கோ பாப்பம் எண்டார். முழு வகுப்பும் வெள்ளையைக் காட்டினது. பிழையாம். என்னைக் கிட்டக் கூப்பிட்டு மூக்கு வாசலை வடிவாப் பாக்கச் சொன்னார். வாசலுக்கும் வெள்ளை தொடங்கிற இடத்துக்கும் நடுவில ஒரு விரல் அகலத்துக்கு ஒண்டுமே இல்லை, அங்கால இருக்கிற சுவர் தெரியுது. அதுதானாம் நீராவி. வெள்ளையாத் தெரியிறது அது வெளிக்காத்தில குளிர்ந்து திரும்பத் தண்ணியான சின்னத் துளியள், முகிலும் அப்பிடித்தான், துளியும் உயரத்தில ஐஸ் துணிக்கையும், வாயு இல்லை. விரலை வைச்சுப் பாக்காதை, அந்தத் தெரியாததுதான் கூடச் சுடும் எண்டும் சொன்னவர். அம்மா புட்டு அவிக்கேக்க ஆவி பறக்குது எண்டு கேட்டே வளந்த எங்களுக்கு இது லேசில ஏறேல்லை, ரெண்டுக்கும் ஒரே சொல்லை வைச்சுக்கொண்டு நாங்கள் என்ன செய்யிறது. அண்டைக்கு விழுந்த பட்டப்பெயர்தான் ஆவி மாஸ்ரர். அது அவருக்குத் தெரியாது எண்டு இண்டைக்கும் நம்புறன்.

கொதிக்கிற தண்ணிக்குள்ள வாற குமிழுக்குள்ள என்ன இருக்கு எண்டும் கேட்டவர். பாதிப்பேர் காத்து எண்டாங்கள், ரியூசன் போற கெட்டிக்காரர் ஐதரசனும் ஒட்சிசனும் எண்டு சொல்லி வாங்கிக்கட்டினவை. சூடேறத் தொடங்கேக்க சட்டியில ஒட்டிக்கொண்டு வாற பொடிக்குமிழ்தான் காத்து, தண்ணியில கரைஞ்சு கிடந்தது. நல்லாக் கொதிக்கேக்க வாற பெரிய குமிழ் முழுக்க நீராவிதான். தண்ணி உடையிறேல்லை, தண்ணியாவே தான் இருக்கு.

இன்னொரு நாள் சிவப்புச் சர்பத்துக்குள்ள ஐஸ் போட்டுக்கொண்டு வந்து மேசையில வைச்சார். கொஞ்ச நேரத்தில கிளாஸ் வெளிப்பக்கம் வேர்த்துப்போச்சு. உள்ள இருக்கிறது கசியுது சேர் எண்டான் பின்வாங்கில் ஒருத்தன். அப்ப நக்கிப் பார். நக்கினான், இனிப்பில்லை, சிவப்புமில்லை. வகுப்புக் காத்தில இருந்த நீராவி குளிர்க் கண்ணாடியில பட்டு ஒடுங்கினது. சர்பத்தை அவரே குடிச்சிட்டார், அதுதான் எங்களுக்குக் கவலை.

தண்ணி 100 பாகையிலதான் ஆவியாகும் எண்டு நாங்கள் எழுதேக்க, அப்ப யானையிறவு உப்பளத்தில ஆர் அடுப்பு மூட்டினது எண்டு கேப்பார். வெயிலும் காத்தும் போதும், தண்ணி போக உப்பு நிக்கும், அதாலதான் கடலில இருந்து வாற மழை உவர்க்கிறேல்லை.

இனி அந்த மலைக்கு வாறன். எங்கட யாழ்ப்பாணத்தில மலை எங்கை, ஆறு எங்கை எண்டு கேட்டார். வழுக்கியாறு எண்டு ஒருத்தன் கத்த, அது மாரியில மட்டும் ஓடுறதெல்லோ எண்டார். பிறகு ஓட்டை விழுந்த சுண்ணக்கல் ஒண்டை எடுத்து மேல தண்ணி ஊத்தினார், ஊத்த ஊத்தக் குடிச்சுது. ஐப்பசி, கார்த்திகையில பெய்யிறதில கனக்க அப்பிடித்தான் கீழ இறங்கி, அடியில கிடக்கிற உவர்த்தண்ணிக்கு மேல நன்னீர் மிதந்துகொண்டு நிக்குது. தண்ணிக்கு மேல தண்ணி மிதக்குமோ எண்டு சிரிச்சனாங்கள். நன்னீர் ஒரு லீற்றர் 1000 கிராம், கடல்தண்ணி 1025 அளவில, அந்த 25 கிராம்தான் எங்கட கிணறுகளைக் காப்பாத்துது. கடல்மட்டத்துக்கு மேல ஒரு அடி நன்னீர் நிண்டா கீழ 40 அடி மட்டில நிக்குமாம், பம்பைப் போட்டு மேல ஒரு அடியை உறிஞ்சினா கீழ உவர் எவ்வளவு ஏறும் எண்டு கணக்குப் பாருங்கோ. கிணத்தில தண்ணி அள்ளுற நீட்டு மரத் துலாவால இறைக்கேக்க ஒருத்தருக்கும் இந்தப் பயம் இருக்கேல்லை. இறைச்சதும் எல்லாம் கடலுக்குப் போய்த்தான் திரும்ப வரோணும் எண்டில்லை, வெங்காயப் பாத்தியில இருந்தே கொஞ்சம் ஆவியாப் போகும், கொஞ்சம் திரும்பக் கிணத்துக்கே இறங்கும். நிலாவரைக் கிணத்தில தேசிக்காய் போட்டா கீரிமலைக் கேணியில வந்து மிதக்கும் எண்டு வீட்டில சொல்லுவினமே, அதை அவர் இல்லையெண்டு சொல்லேல்லை, நீயே போட்டிட்டுப் போய்க் காவல் இரு எண்டார்.

ஓஎல் சோதினையில நான் மலையும் ஆறும்தான் கீறினனான். புள்ளி வேணுமெல்லோ.

இஞ்ச வந்த பிறகு ஒரு பனிக்காலம், மைனஸ் 10க்குக் கீழயே நிண்ட கிழமை, முத்தத்து ஸ்நோ ஒரு சொட்டும் உருகாமலே குறையிறதைக் கண்டனான். உடனே ஞாபகம் வந்தது அம்மாவின்ர அலுமாரிப் பூச்சி உருண்டை. உருகித் தண்ணியாகாம நேரே ஆவியாப் போறது, பதங்கமாதல் எண்டு மாஸ்ரர் பாடமாக்க வைச்ச சொல்லு 20 வருசம் கழிச்சு ஷவலோட நிக்கேக்க விளங்குது.

மகனுக்கும் கேத்தலைப் போட்டுக் காட்டினன். இஞ்சத்தைக் கேத்தல் கொதிச்ச உடன தானே நிண்டிடும், மூண்டு தரம் போடவேண்டி வந்தது. பாத்திட்டு மலையை அழிச்சுப்போட்டு, அப்ப என்ன கீற எண்டு கேட்டான். கிணறும் துலாவும் கீறு எண்டன். துலாவை அவன் எங்க கண்டான், கிரேன் மாதிரி ஒண்டைக் கீறிக் கிணத்துக்குப் பக்கத்தில நிப்பாட்டி மஞ்சள் கலரும் அடிச்சு வைச்சிருக்கிறான். திங்கக்கிழமை கொண்டுபோய்க் குடுக்கோணும்.