குலுக்கினால் சத்தம் வரக்கூடாது

எங்கள் ஆய்வுகூடம் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறது. நுணுக்குக்காட்டி பழுதானால் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும். கந்தளாய், ஹபரணை வழியாக 250 கிலோமீற்றருக்கு மேல் லொறிப் பயணம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெட்டியை நானே கட்டினேன். பழைய பேப்பரைக் கசக்கி நாலு பக்கமும் திணித்து, செலோடேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினேன். போய்ச் சேர்ந்த பிறகு தொலைபேசி வந்தது, நுணுக்குக்காட்டியில் மாதிரி வைக்கும் மேடை வளைந்திருக்கிறதாம். பெட்டியின் வெளியே ஒரு கீறல்கூட இல்லை. லொறிக்காரரை ஏசிவிட்டேன். அவர்மேல் பிழையே இல்லை. கசக்கிய பேப்பர் ஆட்டத்தில் அமுங்கிக்கொண்டே போகும். அது விட்ட இடத்தில் 6, 7 கிலோ கனம் இரவு முழுக்க அடிபட்டிருக்கிறது.

இந்த வேலையை எனக்குப் பழக்கியவர் களஞ்சியத்தில் இருந்த ஐயா. கட்டிய பெட்டியைத் தூக்கிக் காதருகே வைத்து மெதுவாகக் குலுக்குவார். "தம்பி, உள்ள ஏதோ நடமாடுது. திருப்பிக் கட்டுங்கோ" என்பார். மூன்று தரம் பிரித்துக் கட்டிய நாளும் உண்டு.

இப்போது கண் வைத்துப் பார்க்கும் பார்வைத்துண்டு, மாதிரிக்குக் கிட்ட இருக்கும் வில்லையான பொருளி, மின்குமிழ் எல்லாவற்றையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்றிவிடுகிறேன். 100 மடங்குப் பொருளியில் பார்க்கும்போது இட்ட எண்ணெய் மிஞ்சியிருந்தால் முதலில் துடைக்க வேண்டும். மேடைக்கு மேலே ஒரு ஸ்பொஞ் துண்டு. அப்புறம் பபிள் ஷீட், அளவாக வெட்டிய ரெஜிபோம், சின்னப் பெட்டி. அந்தப் பெட்டி இன்னொரு பெரிய பெட்டிக்குள் போகும், நடுவே எல்லாப் பக்கமும் 5 சென்ரிமீற்றர் மெத்தை. அடிப்பக்கத்தில்தான் பலர் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள். இறக்கும்போது முதலில் நிலத்தில் முட்டுவது அதுதானே.

அடியை விட எனக்குப் பயம் ஈரம். கார்த்திகை, மார்கழி மழையில் கட்டிய பெட்டி நாள்கணக்கில் மூடிக் கிடந்தால் வில்லையில் பங்கசு பிடித்துவிடும். அதனால் உள்ளே சிலிக்கா ஜெல் பை வைக்கிறேன். நீலமாக இருந்தால் சரி. இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் ஈரத்தைக் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். கனலடுப்பில் 120 பாகையில் காயவைத்து, நீலம் திரும்பிய பிறகுதான் போடுவேன்.

கட்டும்போது எடுத்த படங்களை அச்சிட்டு மூடியின் உட்புறம் ஒட்டிவிடுகிறேன், திருத்துபவரும் அதே மாதிரிக் கட்டட்டும் என்று. போன தை மாதம் ஒரு பெட்டி திரும்பி வந்தது. ரெஜிபோம் துண்டுகள் படத்தில் இருந்தபடியே அந்தந்த இடத்தில் இருந்தன. சிலிக்கா இன்னும் நீலம். ஐயா இப்போது இளைப்பாறிவிட்டார். அன்று பின்னேரமே அவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"திறக்கமுன்னம் குலுக்கிப் பாத்தீங்களோ, தம்பி?" என்று கேட்டார்.