இரண்டு புள்ளி வைத்தால் தண்ணீர் கனக்கும்

ஜூன் 28, ஃபுனாபாஷி, ஜப்பான்

காலையில் வாஷிங் மெஷின் குழாய் கழன்று சமையலறை வரைக்கும் தண்ணீர். பழுது பார்ப்பவர்களுக்குப் போன் செய்து "தண்ணீர் வருகிறது" என்றேன். அது போதவில்லை. மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டார்: "பொத்தபொத்தவா, ஜாஜாவா, புஷாவா?" முதலாவது சொட்டுச் சொட்டாக விழுவது. இரண்டாவது திறந்துவிட்ட குழாய் மாதிரி கொட்டுவது. மூன்றாவது பீச்சி அடிப்பது. "புஷா" என்றேன். "முதலில் மெயின் வால்வை மூடுங்கள், ஆள் வருகிறார்" என்றார். எவ்வளவு தண்ணீர், என்ன வேகம், எத்தனை அவசரம் எல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன். "பீச்சி அடிச்சுதா, சும்மா ஒழுகுச்சா?" என்றாள். அதே கேள்விதான், ஆனால் அம்மா அதை வினைச்சொல்லால் கேட்கிறாள். நம் தண்ணீர் பீறிடும், கொப்பளிக்கும், சீறும், தெறிக்கும், வழியும், கசியும். இங்கே அன்றாடப் பேச்சில் பல சமயம் "வெளியே வருகிறது" என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு, முன்னால் வரும் ஓசையை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள்.

ஜூலை 3

இந்தச் சொற்களை நோட்டில் தமிழில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டேன்.

சின்னத் துளிகள் விழுந்தால் "பொத்தபொத்த". பெரிய, கனமான துளிகள் விழுந்தாலும் "பொத்தபொத்த". நான் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஜப்பானியக் காதுக்கு இரண்டும் வெவ்வேறு. முதலாவதில் "பல்" என்பதில் வரும் ப. இரண்டாவதில் "பஸ்" என்பதில் வரும் ப. அவர்கள் எழுத்தில் தலைக்கு மேல் சின்ன வட்டம் போட்டால் பல். இரண்டு கோடு போல இரு புள்ளி வைத்தால் பஸ். புள்ளி வந்தால் தண்ணீர் கனக்கும், கூடும், சில சமயம் அழுக்காகவும் ஆகும்.

"த" எழுத்துக்கும் இதே கதைதான். குடுவையிலிருந்து சாக்கே என்ற அரிசி மதுவை ஊற்றும்போது வரும் "களக் களக்", அவர்களுக்கு "தொக்குதொக்கு". "தொ" வரும் இரண்டு இடத்திலும் புள்ளி வைத்து, "தோசை" என்று நாம் பேசும்போது வரும் த ஆக்கினால், காயத்திலிருந்து ரத்தம் குபுகுபுவென்று கொட்டுகிறது. விருந்துக்கும் விபத்துக்கும் நடுவில் இரண்டு புள்ளிதான்! தமிழ் எழுத்தில் இதைக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை. அடைப்புக்குறிக்குள் பல், பஸ் என்று குறித்துக்கொண்டே போகிறேன்.

ஜூலை 9

மழை. வேலை அதிகம். ரயிலில் ஒன்று தோன்றியது. ஓசைக்குப் பின்னால் அவர்கள் பெரும்பாலும் "தொ" சேர்க்கிறார்கள். ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போதும் அதே "தொ". நாமும் அப்படித்தானே? "வருகிறேன் என்றாள்", "குபுக்கென்று வந்தது". பேச்சுக்கும் ஓசைக்கும் ஒரே "என்று". தண்ணீரும் ஏதோ சொல்கிறது என்றுதான் இரண்டு மொழியும் எடுத்துக்கொள்கின்றன. இறங்க வேண்டிய நிலையத்தைத் தவற விடப் பார்த்தேன்.

ஜூலை 16

அலுவலகத்தில் முதலுதவிப் பயிற்சி. தமனி அறுந்தால் ரத்தம் "ப்யுப்யு" (பல்) என்று இதயத் துடிப்புக்கு ஏற்ப விட்டுவிட்டுப் பீச்சும், சிவப்பும் பளிச்சென்று இருக்கும். சிரை என்றால் "தராதரா" (தோசை), நிற்காமல் வழியும். பயிற்சியாளர் இரண்டையும் கையை அசைத்துச் சொல்லிக் காட்டினார். யாரும் குறிப்பெடுக்கவில்லை, எடுக்கத் தேவையும் இல்லை. இவை குழந்தைச் சொற்கள், வளர்ந்தவர்கள் விட்டுவிட வேண்டியவை என்று சிலர் நினைப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஒருவர் உயிருக்குப் போராடும்போது இதைவிடத் துல்லியமான சொல் எங்கே கிடைக்கும்?

"ப்யு"வை எழுதும்போது கடைசியில் பொடியாக ஒரு "ட்ஸு" போடுகிறார்கள். அதை உச்சரிப்பதில்லை. ஓசையைச் சட்டென்று வெட்டத்தான் அது. நம் "குபுக்", "படக்", "சடக்" எல்லாவற்றிலும் கடைசி க் செய்யும் வேலை அதேதான்.

அப்புறம் இன்னொன்று. பள்ளியில் இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது என்று படித்தோம். "சலசல"வில் ஒரு "சல" தனியாக நிற்காது. இங்கே தாராளமாகப் பிரிக்கலாம். "பொத்தபொத்த" சொட்டிக்கொண்டே இருப்பது. "பொத்தரி" ஒரே ஒரு துளி மெதுவாக விழுந்து முடிவது.

ஜூலை 27

பூங்காவில் குழந்தைகள் இறங்கி விளையாட ஆழமில்லாத குளம் ஒன்று உண்டு. இந்த ஊர்ப் பக்கம் அதற்குப் பெயரே "ஜபுஜபு குளம்". குளியல் தொட்டியில் மெல்ல அளைந்தால் "சப்புசப்பு". காலால் உதைத்து ஆட்டம் போட்டால் "ஜபுஜபு". ச, ஜ இரண்டும் கைவசம் இருப்பதால் இதை மட்டும் ஒழுங்காக எழுத முடிகிறது. மகளை மேலே தூக்கி விட்டேன். விழும்போது "தொபோன்!" என்று கத்தினாள். நான் "தொபுக்கடீர்" என்றேன். வீடு வரும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆகஸ்ட் 18

பேரிக்காய் வந்துவிட்டது. ஃபுனாபாஷி அதற்குப் பேர்போன ஊர், தோட்டக்காரர்கள் சாலையோரத்திலேயே விற்கிறார்கள். உருண்டையாக, ஆப்பிள் மாதிரி இருக்கும். கடித்தால் சாறு முழங்கை வரைக்கும் வழியும். இந்த ஊரின் பேரிக்காய்த் தேவதையாக வேடமிட்டுத் துள்ளிக் குதிக்கும் ஃபுனாஷ்ஷியின் முழக்கமே "நஷிஜிரு புஷா!", பேரிக்காய்ச் சாறு பீச்சி அடிக்கிறது என்று. நகராட்சி உருவாக்கிய ஊர்ச் சின்னம் அல்ல, ஆனாலும் 2013 வாக்கில் நாடு முழுக்கப் பிரபலம்.

மகள் பழத்தைப் படம் வரைந்து, மேலே ஹிரகனா எழுத்தில் "புஷா" என்று எழுதினாள், இரண்டு புள்ளியும் சரியான இடத்தில். "அம்மா, தமிழ்ல எழுது" என்றாள். எழுதினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "புள்ளி எங்கே?"

தமிழிலும் தலைக்கு மேல் புள்ளி உண்டு, ஆனால் அது உயிரோசையை எடுத்துவிடும் என்று விளக்கப் பார்த்தேன். அவள் காது கொடுக்கவில்லை. பென்சிலை வாங்கி, என் "பு"வின் தோள் மேல் இரண்டு புள்ளியை அழுத்தி வைத்துவிட்டு, அடுத்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.