ஆத்தா முடிந்த முடிச்சு

காரைக்குடியில் ஒரு வங்கியின் நகைக்கடன் கவுண்டரில் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். முதல் இரண்டு வருடம் நான் அதிகம் சொன்ன சொல் ‘சென்டிமென்ட்’.

தமிழில் அதற்கு இரண்டு வேலை. வெள்ளிக்கிழமை நகையை வெளியே தர மாட்டேன் என்பவருக்கு அது ராசி, நம்பிக்கை. படத்தில் அம்மாவும் பிள்ளையும் சேரும்போது தியேட்டரே அழுதால் அது ‘தாய் சென்டிமென்ட்’. இந்த ராசிப் பொருள் ஆங்கிலத்தில் கிடையாது. அங்கே 18-ஆம் நூற்றாண்டில் ‘சென்டிமென்டல்’ என்பது மென்மையான மனசுக்காரரைப் பாராட்டும் சொல்லாக இருந்தது. தேவைக்கு மேல் உருகுகிறவரைக் குறை சொல்வதாக அது மாறியது பிறகுதான். என் வாயில் வந்ததும் அந்தக் குறைதான்.

ஒரு நாள் ஓர் ஆச்சி அட்டிகை கொண்டுவந்தார். மஞ்சள் துணியில் சுற்றி, நூலால் இறுக்கி முடிந்திருந்தது. “துணியோடவே வச்சிருங்க தம்பி” என்றார். நகைக்கடனில் அது நடக்காது. மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிப் பார்க்க வேண்டும். எடை போட்டு, கல்லுக்கும் உள்ளே இருக்கும் அரக்குக்கும் கழிக்க வேண்டும். இதைப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். “சென்டிமென்ட் எல்லாம் பார்த்தா முடியாது ஆச்சி” என்று சொல்லிக்கொண்டே கத்தரியால் நூலை வெட்டிவிட்டேன்.

ஆச்சி சத்தம் போடவில்லை. வெட்டுப்பட்ட நூலைப் பொறுக்கிக்கொண்டார். “எங்க ஆத்தா கடைசியா முடிஞ்சு குடுத்தது. அவுக்கவே இல்ல.”

காரியத்துக்காகக் கண்ணைக் கசக்குகிறவர்களும் கவுண்டருக்கு வருவார்கள்தான். இது அதுவல்ல. இதற்கு நம்மிடமே சொல் இருக்கிறது: வாஞ்சை, உருக்கம். பொன் உருகுவதற்கும் மனம் உருகுவதற்கும் தமிழில் ஒரே வினைதான். மிகை என்று சொல்ல ஓர் அளவு வேண்டும். பொன்னுக்கு என்னிடம் தராசு இருந்தது. அந்த முடிச்சுக்கு எதுவும் இல்லை. பின்னால் வரிசை நீளமாக நின்றது, அவ்வளவுதான்.

பத்து மாதத்தில் ஆச்சி நகையை மீட்க வந்தார். அதே மஞ்சள் துணியில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டார். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். “வட்டி சரியா இருக்கான்னு பாருங்க தம்பி” என்றார்.

அப்புறம் கத்தரியை மேஜைக்குள் போட்டுவிட்டேன். முடிச்சோடு யார் வந்தாலும் அவர்களையே அவிழ்க்கச் சொல்கிறேன். சிலருக்கு நேரமாகும்.